வலப்பக்கம் நின்று பாருங்கள்

டுகாட்டி 900 மைக் ஹெயில்வுட் ரெப்ளிக்காவின் சிவப்பு, பச்சை, வெள்ளைப் பூச்சுதான் பலரையும் முதலில் இழுக்கிறது. ஆனால் இந்த பைக்கை முழுதாக ரசிக்க இன்ஜினிலிருந்து தொடங்க வேண்டும். அந்த நிறங்கள் ஒரு வெற்றியைச் சொல்கின்றன. அந்த வெற்றி எப்படிக் கிடைத்தது என்பதை இன்ஜின்தான் சொல்லும். ஒன்பது உலகப் பட்டங்கள் வென்ற ஆங்கிலேயரான ஹெயில்வுட், 1967-க்குப் பிறகு ஐல் ஆஃப் மேன் டி.டி. பந்தயத்தில் ஓட்டவில்லை. கார் பந்தயத்துக்குப் போனவர், 1974-ல் நூர்பர்க்ரிங் விபத்தில் காலில் பலத்த காயமடைந்தார். 1978 ஜூனில், 38 வயதில் அதே தீவுக்குத் திரும்பிவந்து ஃபார்முலா ஒன் டி.டி.யை வென்றார். நான்கு சிலிண்டர் ஹோண்டாவில் வந்த ஃபில் ரீட் பாதியில் விலக, இரண்டே சிலிண்டர் கொண்ட டுகாட்டி கோட்டைத் தாண்டியது. ஒரு சுற்று சுமார் 60 கிலோமீட்டர். கல்சுவர்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே போகும் பொதுச்சாலை. மேட்டிலும் பள்ளத்திலும் ஆட்டம் காணாத வண்டிக்கே அங்கே வேலை.

இதை மனதில் வைத்துக்கொண்டு வண்டியின் வலப்பக்கம் வந்து நில்லுங்கள். ஃபேரிங் கழற்றியிருந்தால் இன்னும் நல்லது. ஃபாபியோ டாலியோனி வடிவமைத்த 864 சி.சி. இன்ஜினில் ஒரு சிலிண்டர் ஏறக்குறைய படுத்திருக்கும், மற்றொன்று நிமிர்ந்திருக்கும். இரண்டுக்கும் இடையே 90 டிகிரி. இந்தக் கோணம் அதிர்வைப் பெருமளவு அடக்குகிறது. சிலிண்டர்கள் முன்பின்னாக இருப்பதால் இன்ஜின் ஒடுங்கி, வண்டி நீண்டு, வேகத்தில் நேராக நிற்கிறது. சிலிண்டரை ஒட்டி மேலே ஏறும் உருண்டைக் குழாயைத் தேடுங்கள். அதனுள் சுழலும் தண்டும் சாய்பல் கியர்களும்தான் கேமைச் சுழற்றுகின்றன. செயினும் இல்லை, பெல்ட்டும் இல்லை. வால்வைத் திறக்க ஒரு ராக்கர், மூட இன்னொரு ராக்கர். ஸ்பிரிங்கை நம்பாத இந்த டெஸ்மோ முறையை டாலியோனி 1956-லேயே 125 சி.சி. பந்தய வண்டியில் ஓடவிட்டார்.

‘இது பந்தய வண்டியே அல்ல, டுகாட்டியின் 900 எஸ்.எஸ். சாலை வண்டிக்கு வேஷம் போட்டு விற்றது’ என்பார்கள் சிலர். ஹெயில்வுட் ஓட்டியது பந்தயத்துக்கென்றே தயாரான வண்டி. 1979-ல் விற்பனைக்கு வந்த ரெப்ளிக்கா சாலை வண்டி. இந்த வேறுபாட்டை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஃபார்முலா ஒன் பிரிவின் அடிப்படையே விற்பனையிலிருந்த இன்ஜின்கள்தான். அந்தச் சிலிண்டர் கோணம், சாய்பல் கியர், டெஸ்மோ மூன்றும் இரு வண்டிகளுக்கும் பொது. இங்கே பொய் எதுவும் விற்கப்படவில்லை. இன்னொரு குறை பராமரிப்பு. நான்கு வால்வுகளுக்கு எட்டு இடைவெளி சரிபார்க்க வேண்டும். கியர்களைப் பொருத்த ஷிம் வைத்து அளந்து அளந்து நாள் போகும். அதே காலத்து ஜப்பானிய வண்டி இந்தத் தொல்லை எதையும் தராது, பல நேரம் வேகமாகவும் போகும். உண்மைதான். ஆனால் ஒரு பொறியாளரின் பிடிவாதத்தை இப்படிக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு அதில் இல்லை.

காதுக்கும் வேலை உண்டு. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே கிராங்க் 270 டிகிரி சுற்றும், அடுத்த முறை 450. அதனால்தான் அந்த விட்டுவிட்டு அடிக்கும் தாளம். இதே ரெப்ளிக்காவின் பிந்தைய 973 சி.சி. மில்லே வடிவம் ஓட்டச் சௌகரியமானது. ஆனால் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஒரே துண்டு ஃபேரிங் கொண்ட, கிக்கர் மட்டுமே உள்ள முதல் வரிசை வண்டிதான் என் தேர்வு. கண்காட்சியில் அது கண்ணில் பட்டால், ஒருமுறை ஸ்டார்ட் செய்து காட்டும்படி உரிமையாளரைக் கேளுங்கள்.