இணையப் படிவங்களில் தமிழ்ப் பெயர்: பயன்பாட்டுநோக்கில் ஒரு திறனாய்வு

இணையப் படிவங்கள் பல, பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு பெட்டிகளில் கேட்கின்றன. தலைப்பெழுத்து முறையைப் பின்பற்றும் தமிழர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. பெற்றோர் பெயரின் முதலெழுத்தே பெயருக்கு முன் நிற்கிறது. இரண்டாம் பெட்டியைக் கட்டாயமாக்கும் படிவம் ஓரெழுத்தை ஏற்க மறுக்குமாயின், பயனர் தந்தை பெயரை விரித்தெழுதவோ தம் பெயரையே மீண்டும் இடவோ நேர்கிறது. விளைவாக, மகளுக்குரிய மின்னஞ்சல் அவரைத் தந்தை பெயரால் விளிக்கிறது. சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் பெயர் வேறுபடின், இரண்டும் ஒருவருடையவையே என மெய்ப்பிக்கும் சுமை பயனர்மேல் விழுகிறது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பன்னாட்டுமயமாக்க வழிகாட்டி, இயன்றவிடத்து முழுப்பெயருக்கு ஒரே பெட்டியைப் பரிந்துரைக்கிறது. அழைக்கும் பெயரைத் தனியே கேட்கலாம் என்கிறது. பிரித்தே தீரவேண்டிய இடங்களில், இரண்டாம் பெட்டியை விருப்பத்திற்குரியதாக்குவதும் ஓரெழுத்தை ஏற்பதும் குறைந்தபட்சத் திருத்தங்களாகும்.