புட்டுமாவுப் பதத்தில் ஒரு தோட்டம்

பொள்ளாச்சிப் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் தென்னந்தோப்புகளுக்கு நடுவே தவிட்டு நிறத்தில் உயர்ந்து நிற்கும் குவியல்களைப் பார்த்திருப்பார்கள். மட்டையை அடித்து நார் பிரிக்கும்போது உதிரும் தூள் அது. ஒரு கிலோ நாருக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ தூள் மிஞ்சும். நார் கயிறாகவும் மெத்தையாகவும் ஆனதால் அதற்குத்தான் விலை இருந்தது. தூள் சாலையோரம் கிடந்து மழையில் நனைந்தது. அதிலிருந்து வடிந்த செஞ்சாறு நிலத்தடி நீரைக் கெடுத்தது. இன்று அதே தூள் கழுவி, உலர்த்தி, ஐந்து கிலோ கட்டிகளாக அழுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது. நம் மொட்டைமாடிகளுக்கும் வந்து சேர்கிறது.

கடையில் இதற்குக் ‘கோகோ பீட்’ என்று பெயர். பீட் என்பது வேறு. குளிர்நாட்டுச் சதுப்புகளில் பாசி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மட்கிப் படிந்தது அது. ஒருமுறை வெட்டி எடுத்தால் நம் ஆயுளில் அந்தச் சதுப்பு திரும்பாது. நார்த்தூள் ஒவ்வொரு தேங்காய் வெட்டுக்கும் புதிதாகக் கிடைப்பது.

கட்டி ஊறும் காட்சியே ஒரு விருந்து. அகலமான தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் முதலில் விளிம்பில் ஒரு கீறல் விழும். பிறகு ஏடு ஏடாகப் பிரிந்து, ஓரங்கள் பொங்கிச் சரியும். செங்கல்போல் கிடந்த ஐந்து கிலோ, இருபது லிட்டருக்கு மேல் தண்ணீரைக் குடித்து, எழுபது லிட்டர் தூளாக மலர்ந்து நிற்கும். தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் நீரைப் பிடித்துக்கொண்டும் வேருக்குக் காற்றுவிடுகிற குணம் சாதாரணத் தோட்டமண்ணுக்கு இல்லை. மாடித்தளத்துக்கு ஏறும் பாரமும் மண்ணைவிடக் குறைவு.

ஆனால் கைதேர்ந்தவர் அந்தத் தூளில் உடனே விதை போடமாட்டார். முதல் தண்ணீரை வடித்தால் அது கட்டன் சாயா நிறத்தில் இறங்கும். தென்னை மட்டைக்குள் சோடியமும் பொட்டாசியமும் நிறைய உண்டு. உப்புநீரில் ஊறிய மட்டையாக இருந்தால் இன்னும் அதிகம். இரண்டு மூன்று முறை அலசி, வடிகிற நீர் வெளிறிய பிறகே தூள் கைக்கு வரும். அப்போதும் துகள்களோடு ஒட்டிய பொட்டாசியம் முழுதாகப் போவதில்லை. செடிக்கு ஊட்டும் கால்சியத்தைத் தூள் தன்பக்கம் இழுத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே விடும். நார்த்தூளில் வளரும் தக்காளிக் காயின் அடி கறுத்துப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கால்சியத்துக்காக முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவார்கள். அது கரைய வெகுநாள் ஆகும். ஜிப்சம் கலந்த நீரில் தூளை ஒரு நாள் ஊறவைத்து அலசுவது நல்ல வழி.

அடுத்தது மட்கவைத்தல். இந்தக் கலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பச்சைத் தூளில் கரிமச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112:1 அளவில் இருக்கும். அதைச் சிதைக்க வரும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைச் செடியின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும், இலை வெளுக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பிய முறை சிப்பிக்காளான் வித்தைத் தூளில் அடுக்கடுக்காகத் தூவி, ஈரம் காத்து மட்கவைப்பது. விகிதம் 24:1-க்கு இறங்கிவிடும். அந்த முறையில் யூரியாவும் சேரும். இயற்கை வழியில் போகிறவர்கள் அதற்குப் பதில் கோழி எருவைச் சேர்க்கிறார்கள். தவிட்டு நிறம் கறுத்து, மட்டை வாடை போய், புதுமழை மண்ணின் மணம் வந்தால் பக்குவம் வந்துவிட்டது.

மட்கிய தூள் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, செடி வளர்க்கும் பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. இதில் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் பூஞ்சையும் அசோஸ்பைரில்லம் என்னும் பாக்டீரியாவும் கலந்து ஒரு வாரம் நிழலில் வைத்தால் தூளுக்குள் உயிர் நடமாட்டம் தொடங்கும். பிறகு கொடுமுடி டாக்டர் நடராஜன் ஊரறியச் செய்த பஞ்சகவ்யம், லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வீதம். வெறும் தூளை நிரப்பி, எருக்கரைசலை மட்டும் ஊற்றி விளைச்சல் எதிர்பார்ப்பது சரியான வழியாகத் தெரியவில்லை. எருவைச் செடி உண்ணும் பதத்துக்கு உடைத்துத் தருவது நுண்ணுயிர்கள்தான். அவை தங்கி வாழ ஓர் இடம் முதலில் அமைய வேண்டும்.

மண்ணில்லாமல் தூளில் வளர்ப்பதை இயற்கை வேளாண்மை என்று சொல்லலாமா என்பதில் உலகம் இன்னும் ஒத்துப்போகவில்லை. பயிர் நிலத்தோடு இணைந்த உயிருள்ள மண்ணில் வளர வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 விதி. அமெரிக்காவின் இயற்கை வேளாண் தர வாரியம் மண்ணில்லா நீர்வளர்ப்பு முறைகளை விலக்க 2017-ல் மறுத்துவிட்டது. சான்றிதழ் வேண்டுகிறவர்களுக்கு இந்த வழக்கு முக்கியம். வீட்டுக்குக் கத்தரியும் கீரையும் வளர்க்கிறவர் பார்க்க வேண்டியது வேரை.

அந்த வேரைப் பார்க்கக் குழித்தட்டு நாற்றுப் போதும். இருபத்தைந்து நாள் மிளகாய் நாற்றைத் தண்டைப் பிடித்து மெல்லத் தூக்கினால் தூளும் வேருமாக ஒரு சிறு கூம்பு உதிராமல் எழுந்து வரும். அதன் மேல் வெண்ணூல்போல் வேர்கள் சுற்றியிருக்கும், ஒன்றுகூட அறுந்திருக்காது. மண் நாற்றங்காலில் பிடுங்கிய நாற்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் மறுபடி மண்ணுக்குப் போவது அரிது.

தண்ணீர் விடுவதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். மேலே காய்ந்து வெளுத்த தூளைப் பார்த்து மறுபடி ஊற்றுவார்கள். அடியில் ஈரம் நிறைந்து வேர் அழுகும். இரண்டு அங்குலம் விரலை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்க்க வேண்டும். புட்டுக்கு மாவு பிசிறியவர்களுக்குக் கை தானே சொல்லும். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். பிழிந்தால் நீர் ஒழுகினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். ஐப்பசி மழையில் சத்து எல்லாம் கரைந்து ஓடிவிடும் என்பதால் மழை விட்டதும் ஒரு பிடி மண்புழு உரத்தை மேலே தூவுவது வழக்கம்.

ஒரு பட்டம் முடிந்ததும் பையைக் கவிழ்த்துத் தூளை எறிந்துவிடாதீர்கள். நோய் கண்டிராத செடியின் தூள் என்றால், பழைய வேர்களை அதிலேயே மட்கவிட்டு எரு சேர்த்தால் இரண்டாம் பட்டமும் நன்றாக வரும். பல பட்டங்கள் கண்டு தூள் மாவாகக் குழைந்த பிறகு அதைத் தென்னையின் அடியில் வட்டப்பாத்தியில் கொட்டுங்கள். மரத்துக்கு அது எரு.