பாத்திரமேற்றலும் ஆழமும்: கணினி ஆட்டங்கள் பற்றிய ஒரு நோக்கு

பாத்திரமேற்று ஆடும் கணினி ஆட்டங்கள் தம் பழைய ஆழத்தை இழந்துவிட்டன என்ற முறைப்பாடு அவற்றில் தோய்ந்தோரிடையே அடிக்கடி எழுவதாகும். நாவற்குடாவில் நமக்கு இது புதியதன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றி, விடியவிடிய ஆடப்பட்டதைச் சில மணி நேரத்துள் அடக்கினார். அச்சுருக்கத்தால் பெற்றதென்ன, இழந்ததென்ன என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. தானல்லாத ஒருவனாய் நின்று செயற்படுதலே இரண்டிற்கும் அடிப்படையாதலின், ஒன்றைக்கொண்டு மற்றொன்றை நோக்குதல் பொருத்தமே.

பெதெஸ்டா நிறுவனத்தின் மூன்று ஆட்டங்களை எடுத்துக்கொள்வோம். 2002இல் வெளிவந்த ‘மொரோவிண்ட்’டில் செல்லுமிடத்தை ஊராரிடம் கேட்டறிந்தே நடக்கவேண்டும். 2006இல் வந்த ‘ஒப்லிவியன்’ வழிகாட்டும் அம்புக்குறியைத் தந்தது. உரையாடல்கள் யாவும் குரலில் பதிவாயின, ஆனால் பேச்சுச் சுருங்கிற்று. இவற்றையே வீழ்ச்சியின் சான்றாக எடுத்துரைப்பர் பலர். எனக்கு இது முழுமையாக உடன்பாடன்று. மொரோவிண்ட்டின் வழிகூற்றுக்கள் சிலவேளை தெளிவற்றவை. குன்றைச் சுற்றி வீணே அலைவதை ஆழமென்று கொள்வது பழமைப்பற்றேயாகும். நெடுமையும் ஆழமும் ஒன்றல்ல என்பதை வித்தியானந்தனின் சுருக்கமே காட்டிற்று.

உண்மையான இழப்பு வேறிடத்திலுள்ளது. மொரோவிண்ட்டில் மந்திரவாதிகள் சங்கத்தில் உயர்பதவி பெற மந்திரத் திறன் வேண்டும். மூன்று பெருங்குடிகளுள் ஒன்றைச் சார்ந்தவன் ஏனையவற்றை இழப்பான். 2011இன் ‘ஸ்கைரிம்’மிலோ வாளன்றி வேறறியாதவனும் ஏறத்தாழ மந்திரமின்றியே மந்திரக் கல்லூரியின் தலைவனாகலாம். பெரும்பாலான வாசல்கள் அவனுக்கு மூடப்படுவதில்லை. நம் கூத்தில் அண்ணாவியார் ஒருவனது குரலையும் உடலையும் நோக்கியே சட்டம் கொடுப்பார். தருமனாக விரும்பியவன் துரியோதனனாகலாம். பின் மாதக்கணக்கில் அத்தாளக்கட்டுக்களுக்கே கால் பழகவேண்டும். சதங்கை அணியும் நாளில் பாத்திரம் அவனை ஆட்கொண்டிருக்கும். மறுக்கும் இயல்பற்ற பாத்திரம் வெறும் உடுப்பே. (ஸ்கைரிமின் மலைகளும் பனியும் அழகியவை என்பதை மறுப்பதற்கில்லை, ஆயின் அது வேறு பொருள்.)

எனினும் இவ்விழப்பு காலத்தின் விதியென்று கூறமுடியாது. 2019இல் வெளிவந்த ‘டிஸ்கோ எலிசியம்’ நினைவிழந்த துப்பறிவாளன் ஒருவனை நம்மிடம் ஒப்படைக்கிறது. அவனது இருபத்துநான்கு திறன்களும் உள்ளக்குரல்களாய் ஒன்றோடொன்று முரணிப் பேசுகின்றன. தோல்வியும் அங்கே கதையை நகர்த்துகிறது. அவனுடைய சீரழிந்த கடந்தகாலம் ஆடுபவரை எளிதில் விடுவதில்லை. முற்கால ஆட்டங்களில் இத்தகைய பாத்திரவார்ப்பு அரிது.

2023இன் ‘பால்டர்ஸ் கேட் 3’ மேலும் விரிந்தது. தெரிவுகளின் விளைவுகள் நெடுந்தொலைவு தொடர்கின்றன, துணைவர் சினந்து பிரிகின்றனர். ஆனால் அதிலும் ஒரு தளர்ச்சி உண்டு: பாசறையில் நூறு பொற்காசு கொடுத்தால் மந்திரவாதி அக்கணமே போர்வீரனாகிவிடலாம். இதற்கு எந்த அண்ணாவியாரும் உடன்படார்.