கணப்பின் மேல் ஒரு பலகை

பழைய வீட்டைப் புதுப்பிக்கும் அமெரிக்கக் குடும்பமோ ஆங்கிலக் குடும்பமோ வரவேற்பறை வேலைக்கு வரும்போது ஒரு கேள்வியில் தட்டி நிற்கும். கணப்பைச் சுற்றியிருந்த கரி படிந்த செங்கல்லைப் பெயர்த்தாயிற்று, புதுப் பூச்சும் பூசியாயிற்று. இனி அதன் தலைமேல் முன்புபோல் மேன்டில் பலகை வைப்பதா, வெறுஞ்சுவராக விடுவதா? கொத்தனார் ஒன்று சொல்வார், தச்சர் வேறொன்று சொல்வார், வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. அவரவர் ரசனை என்று சொல்லி இதைத் தள்ளிவிடுவது எளிது. அப்படித் தள்ளக்கூடாது என்பது என் கட்சி. மேன்டிலுக்கு மரபு உண்டு. அந்த மரபுக்குள் பாணிகள் உண்டு, அளவுகள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால் பாதிக் கேள்வி தானே தீர்ந்துவிடும்.

கேள்வியும் பழையதுதான். ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் ஆபி' நாவல் 1817 இறுதியில் வெளிவந்தது. மடாலயமாக இருந்து மாளிகையாக மாறிய ஒரு வீட்டுக்கு அதன் நாயகி கேதரின் விருந்தாளியாகப் போகிறாள். திகில் கதைகள் படித்து ஊறிய பெண். அகன்ற வாயும் கனத்த சிற்ப வேலையுமாக ஒரு பழங்காலக் கணப்பை எதிர்பார்த்து உள்ளே நுழைகிறாள். அங்கே இருப்பதோ ரம்ஃபோர்டு என்ற விஞ்ஞானியின் முறையில் சுருக்கிக் கட்டிய கணப்பு. சுற்றிலும் வேலைப்பாடு இல்லாத நல்ல சலவைக்கல், மேலே அழகான ஆங்கிலப் பீங்கான் பொருட்கள். அவளுக்கு ஏமாற்றம், வீட்டைப் புதுமைப்படுத்திய அதன் உரிமையாளரான ஜெனரலுக்கோ பெருமை. புதுப்பித்த கணப்பின் முன்னால் இரண்டு மனங்கள் எப்படிப் பிரிகின்றன என்பதை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய இடம் வேறொன்றை நான் படித்ததில்லை.

தொடக்கத்தில் மேன்டிலுக்கு இடமே இருக்கவில்லை. இடைக்கால இங்கிலாந்தின் பெருங்கூடங்களில் தீ நடுத்தரையில் எரிந்தது. புகை கூரை வழியாகத் தன் போக்கில் வெளியேறியது. கென்ட் மாவட்டத்துப் பென்ஸ்ஹர்ஸ்ட் மாளிகையில் 1341ஆம் ஆண்டுக் கூடத்தின் நடுவே அந்த எண்கோண அடுப்புத்தளத்தை இன்றும் பார்க்கலாம். நார்மானியர் கட்டிய கோட்டைகளில் 11ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தீ சுவருக்கு நகர்ந்துவிட்டது. கோல்செஸ்டர் கோட்டை அதற்குச் சாட்சி. சுவரோரம் வந்த தீயின் புகையை வாரிப் பிடிக்க மேலே ஒரு கல் முகப்பு தேவைப்பட்டது. யார்க்‌ஷயரில் கானிஸ்ப்ரோ கோட்டையின் 12ஆம் நூற்றாண்டுக் கணப்பை உற்றுப் பார்த்தால் கட்டியவன் பட்ட பாடு தெரியும். வாயின் மேலே வளைவு இல்லை. பல் வைத்து வெட்டி ஒன்றோடொன்று கோத்த கற்களே லின்டலாக நிற்கின்றன. அதற்கு மேலே புகை பிடிக்கும் முகப்பு சாய்ந்து ஏறுகிறது. இருபுறமும் தூண்கள். மேன்டிலின் உடற்கூறு முழுவதும் அங்கே இருக்கிறது. அலங்காரம் என்று அதில் சொல்லக்கூடியதும் பாரம் தாங்குகிறது. இந்த மரபின் முதல் இலக்கணமாக நான் இதைத்தான் வைப்பேன்.

பிறகு புகைபோக்கி சுவருக்குள் மறைந்தது. புகை பிடிக்கும் வேலை போனபின் முகப்பு வெறும் சட்டமாகிக் காட்சிப் பொருளாயிற்று. 1662 முதல் 1689 வரை இங்கிலாந்தில் அடுப்பொன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் வரி வாங்கினார்கள். கணப்புகளின் எண்ணிக்கையே ஒரு வீட்டின் செல்வத்துக்கு அளவாக இருந்த காலம் அது.

மேன்டில் இல்லாத கணப்பு நவீனர்களின் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில், கட்டடக்கலைஞர் ரென் காலத்தில், கணப்பின் வாயைச் சுற்றித் தடித்துப் புடைத்த ஒரு சலவைக்கல் வரம்பு மட்டும் ஓடும். மேலே பலகை பெரும்பாலும் கிடையாது. சுவரின் மரப் பலகைவேலை அந்த வரம்பின் மேலிருந்தே தொடங்கிவிடும். பலகையைக் கொண்டுவந்ததில் சீனப் பீங்கான் மோகத்துக்குப் பெரும் பங்குண்டு. அரசி மேரி பீங்கான் சேர்ப்பதில் தீராத ஆசை கொண்டவர். ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் மூலைக் கணப்புகளின் மேல் படிப்படியாகத் தட்டுகள் அமைந்தன. வைக்கப் பொருள் வந்தபின் பலகை வந்தது. இன்று வீடு புதுப்பிப்பவரும் இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது: பலகையின் மேல் என்ன வைக்கப் போகிறோம் என்று தெரியாமல் பலகை வாங்கினால் அது நாளடைவில் சாவிக்கொத்தும் மின்கட்டண ரசீதும் கிடக்கும் இடமாகிவிடும்.

18ஆம் நூற்றாண்டு மேன்டிலின் பொற்காலம். அறைக்குள் நுழைபவரின் கண் முதலில் போவது கணப்பின் மேல்தான் என்பதால் கட்டடக்கலைஞர் அதில் அசட்டையாக இருக்கலாகாது என்ற கருத்தை ஐசக் வேர் 1756இல் தம் நூலில் அழுத்திச் சொன்னார். 1758இல் இத்தாலியிலிருந்து திரும்பிய ராபர்ட் ஆடம் கனத்தைக் குறைத்து நளினத்தைக் கூட்டினார். மெல்லிய பூமாலைகள், சாடிகள், நெற்றிப் பட்டையின் நடுவே ஒரு சிற்பப் பலகம்; எல்லாம் தாழ்ந்த புடைப்பில், தொட்டால் மட்டுமே ஆழம் தெரிகிற மாதிரி. ரோமிலிருந்த பிரானேசி 1769இல் கணப்பு அலங்காரங்களுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டு எகிப்திய உருவங்களையெல்லாம் அதில் ஏற்றினார். அபாரமான கற்பனைதான், ஆனால் அந்தக் கணப்புகளின் முன் உட்கார்ந்து குளிர்காய எனக்குத் தோன்றாது. ஆடமின் கணப்பு ஆளை அருகே கூப்பிடும்.

தீயைப் பற்றி யோசித்தவர் ரம்ஃபோர்டு. மாசசூசெட்ஸில் 1753இல் பென்ஜமின் தாம்சனாகப் பிறந்து பவேரியாவில் கோமகன் பட்டம் பெற்ற விஞ்ஞானி. பழைய கணப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடுவதைக் கண்டார். 1790களில் அவர் சொன்ன திருத்தம் எளியது. பின்சுவரை முன்னுக்குக் கொண்டுவா, பக்கச் சுவர்களைச் சாய்த்து வை, புகை ஏறும் தொண்டையை ஏறக்குறைய நான்கு அங்குலமாகக் குறுக்கு. புகை நன்றாக ஏறிற்று. சாய்ந்த பக்கங்கள் சூட்டை அறைக்குள் திருப்பின. வாய் சிறுத்ததன் விளைவு மேன்டிலுக்கும் வந்தது. பெரிய சுவரில் சிறிய துளை மட்டும் இருந்தால் கண் அதைத் தேட வேண்டியிருக்கும். அந்தச் சிறு வாயைச் சுவரின் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டும் வேலை சட்டத்துக்கும் பலகைக்கும் வந்து சேர்ந்தது. இன்றுவரை மேன்டிலின் முதன்மையான வேலை அதுதான் என்பது என் துணிபு. விக்டோரியா காலம் இதன்மேல் கண்ணாடியும் கடிகாரமும் குஞ்சம் வைத்த துணியும் ஏற்றிப் பாரமாக்கியது. அதில் நாம் கற்க அதிகம் இல்லை.

எதிர்ப்பு உள்ளிருந்தே வந்தது. கைவினை இயக்கத்தின் முன்னோடியான வில்லியம் மாரிஸுக்காக ஃபிலிப் வெப் 1859இல் வடிவமைத்த சிவப்பு இல்லத்தில் செங்கல்லே கணப்பின் முகமாக உயர்ந்து நிற்கிறது. அதன்மேல் ஒரு லத்தீன் முதுமொழி பொறித்திருக்கிறது. அந்தக் கைவினை இயக்கம் அமெரிக்காவுக்குப் போனபோது பலகை மறுபடி வந்தது, ஆனால் குணம் மாறி. கலிஃபோர்னியாவின் பசடீனா நகரில் கிரீன் சகோதரர்கள் 1908இல் கட்டிய கேம்பிள் இல்லத்தில் கணப்பு ஒரு தனி மாடத்துக்குள், இருபுறமும் இருக்கைகளோடு அமைந்திருக்கிறது. அதே நாட்டில் நியூ மெக்சிகோவின் மண்வீடுகள் முற்றிலும் வேறு வழி. அங்கே அறை மூலையில் பச்சை மண்ணைக் குழைத்து எழுப்பிய கணப்பு சுவரோடு சுவராக வளைந்து ஏறும். அதில் போய் மரப்பலகையை ஆணியடித்துப் பொருத்துவது அநியாயம்.

ஃபிராங்க் லாய்ட் ரைட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1889இல் ஓக் பார்க்கில் தமக்குக் கட்டிய வீட்டில் இளைஞர் ரைட் கணப்பை மாடத்துக்குள் வைத்து மேலே ஒரு வாசகம் செதுக்கினார். பின்னாளில் சிகாகோவின் ரோபி இல்லத்தில் கணப்பு வரவேற்பறையையும் உணவறையையும் பிரிக்கும் செங்கல் திண்மமாயிற்று. அடுப்புக்கு மேலே சுவரைத் திறந்துவிட்டதால் விதானம் இடைவிடாமல் ஓடுவது தெரியும். 1930களின் ஃபாலிங்வாட்டரில் அந்த இடத்திலேயே கிடந்த பாறை தரையைத் துளைத்து மேலெழுந்து அடுப்புத்தளமாக நிற்கிறது. இங்கெல்லாம் கல்லும் செங்கல்லுமே அறையைத் தாங்குவதாகக் கண்ணுக்குப் படுகின்றன. மேன்டில் கேட்க எதுவும் மிச்சமில்லை. ரைட்டைக் காட்டி மேன்டிலை நீக்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அவர் பலகையை எடுத்த இடத்தில் கட்டுமானத்தை வைத்தார். வெள்ளைப் பூச்சுச் சுவரில் கறுப்புச் சதுரமாக ஒரு எரிவாயுப் பெட்டியைப் பதித்துவிட்டு ரைட் வழி என்று சொல்வது பொருந்தாது.

ரசனைக்கு முன்னால் நிற்பது நெருப்பு. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, கல் செங்கல் கணப்புகளுக்குத் தெளிவான கணக்கு வைத்திருக்கிறது. வாயின் விளிம்பிலிருந்து 6 அங்குலத்துக்குள் எரியக்கூடிய பொருள் எதுவும் வரக்கூடாது. 12 அங்குலத்துக்குள் வந்தால், விலகும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே முன்னே நீட்டலாம். அதாவது வாய்க்கு மேலே 8 அங்குலத்தில் ஒரு மரப்பட்டை இருந்தால் அது ஓர் அங்குலத்துக்கு மேல் துருத்தக்கூடாது. கடிகாரமும் படச் சட்டமும் வைக்க 6 முதல் 8 அங்குல அகலம் வேண்டும். ஆகவே அப்படிப்பட்ட மரப்பலகை வாய்க்கு மேலே 12 அங்குலத்தையாவது தாண்டியே உட்கார வேண்டும். வாயின் மேல்விளிம்பு தரையிலிருந்து 29 அங்குலம் என்றால், வழக்கமாகப் பலகை வைக்கும் நாலரை அடி உயரம் சிக்கலே இல்லை. அடுப்புத்தளத்தை 16 அங்குலம் உயர்த்திக் கட்டிய வீட்டிலோ மேல்விளிம்பு 45 அங்குலத்துக்குப் போய்விடும், பலகை 57 அங்குலத்துக்கு மேல் ஏறும். எட்டடிக் கூரை உள்ள அறையில் அது நெருக்கடியாகத் தெரியும். அங்கே மெல்லிய கல் பலகையோ, பலகையே இல்லாத முகமோ மேல். அடுப்புத்தளமும் முக்கியம்: சிறிய வாய்க்கு முன்னே 16, பக்கங்களில் 8 அங்குலம் அது நீள வேண்டும், வாய் 6 சதுர அடியோ அதற்கு மேலோ ஆனால் 20, 12. எரிவாயுக் கணப்புக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதன் தயாரிப்பாளர் தரும் கையேட்டில் பலகையின் அகலத்துக்கு எவ்வளவு உயரம் என்ற பட்டியல் இருக்கும், அதுவே சட்டம்.

மேலே தொலைக்காட்சி மாட்ட நினைப்பவர்களுக்குப் பலகை உண்மையிலேயே உதவும். சுவரை ஒட்டி ஏறும் வெப்பக் காற்றை அது முன்னே தள்ளிவிடும். செங்கல்லும் பூச்சும் சேருமிடத்தில் வரும் விரிசலை மறைப்பதும் அதன் சிறு உபகாரம்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண அளவு வாய், சாதாரணப் பூச்சுச் சுவர் உள்ள வீட்டில் மேன்டில் வேண்டும். பலகை இல்லாவிட்டாலும் ரென் காலத்து வரம்பு போல ஒரு கனத்த சட்டமாவது வேண்டும். தரை முதல் கூரை வரை கல்லோ செங்கல்லோ தானே ஓங்கி நிற்கிற கணப்புக்கு வேண்டாம். தாழ்ந்த கூரை உள்ள அறையில் நடுவே குறுக்குக்கோடு விழாமல் இருப்பதே அழகு. இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்த கூடத்தில் மட்டும் கல் கணப்புக்கும் பலகை சேர்ப்பேன், ஆள் உயரத்துக்கு ஒரு கோடு அங்கே தேவை என்பதால். சந்தேகம் இருந்தால் அட்டையை அந்த அளவில் வெட்டி ஒட்டி ஒரு வாரம் பாருங்கள். தீ மூட்டாமல், அவ்வளவுதான்.

பழைய மேன்டில் ஏற்கெனவே இருந்தால் கேள்வியே வேறு. லிங்கன்‌ஷயரின் டாட்டர்ஷால் கோட்டையில் 15ஆம் நூற்றாண்டில் ரால்ஃப் கிராம்வெல் பிரபு செதுக்கி வைத்த கல் கணப்புகள் இருந்தன. 1910 வாக்கில் கோட்டை கைமாறி, அந்தக் கணப்புகள் பெயர்த்தெடுக்கப்பட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேற இருந்தன. 1911இல் கோட்டையை வாங்கியவர் நம் பாடப்புத்தகங்களில் வங்கப் பிரிவினைக்காக வசைபெறும் கர்சன் பிரபு. ஆடம் கைவண்ணம் நிறைந்த கெடில்ஸ்டன் மாளிகையில் பிறந்தவர். அந்த மாளிகையை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்த கல்கத்தா அரசு மாளிகையில் வைஸ்ராயாக வாழ்ந்தவர். கணப்புகளைத் தேடிப் பிடித்து மீட்டு அவற்றின் இடத்திலேயே பொருத்தினார். அந்தப் போராட்டம் 1913ஆம் ஆண்டுப் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வழிகோலியது. இந்தியாவில் 1904ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் காரணமாக இருந்தவரும் அவரே. அவருடைய அரசியலை ஏற்காதவர்களும் இந்த ஒரு காரியத்துக்கு நன்றி சொல்லலாம்.

நம் மலைகளுக்கும் இதில் பங்குண்டு. 1822இல் ஜான் சல்லிவன் உதகையில் தொடங்கிய கல் பங்களாவுக்கும், 1845இல் அமெரிக்க மதுரை மிஷனார் கொடைக்கானலில் கட்டிய முதல் இரு வீடுகளுக்கும் பின்னால் எழுந்த எத்தனையோ பங்களாக்களில் ஃபயர்பிளேஸ் இருக்கிறது. சீகை விறகும் தைலமர விறகும் எரிந்த வாய்கள் பலவற்றை இன்று பலகை அடித்து மூடிவிட்டார்கள். புதுப்பிக்கும்போது முதலில் பலகையின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வண்ணம் கொப்புளித்திருந்தால் பலகை தாழ்வு. நடுவில் மட்டும் கரி படிந்திருந்தால் குற்றம் தொண்டையில். மேன்டிலைக் கழற்றினாலும் புகை அறைக்குள்தான் வரும். புகைபோக்கியில் பறவைக் கூடும் விரிசலும் இல்லை என்று கொத்தனார் ஏறிப் பார்த்துச் சொல்லும்வரை தீ மூட்டவேண்டாம். மேன்டிலைக் கழற்றியே தீரவேண்டும் என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் எண் எழுதி, சாக்கில் சுற்றி, அதே வீட்டில் வையுங்கள். பழைய சாமான் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.