பூ விழுவது எப்படி?

தமிழில் குழந்தைகளுக்கான அறிவு நூல்கள் பலவற்றில் ஒரு மாமா வருவார். சிலவற்றில் அவர் தாத்தா, சிலவற்றில் அறிவியல் ஆசிரியர். கோடை விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்காருவார்கள். வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்கும்; மாமா சொல்வார். இன்னொரு பிள்ளை அடுத்த கேள்வியைக் கேட்கும். அதற்கும் மாமாவிடம் விடை இருக்கும். நடுவில் அத்தை முறுக்குத் தட்டோடு வருவாள், பேச்சு கொஞ்சம் ஓயும், மறுபடி தொடரும். என் தலைமுறையில் பலர் இந்த மாமாவிடம்தான் அறிவியல் கேட்டு வளர்ந்தோம். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் தேசூர் போன்ற ஒரு நெசவூரின் பிள்ளைக்கு நூலகத்திலிருந்து எந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது என்று யோசிக்கும்போது, அவரை முழுமனதோடு பரிந்துரைக்க முடியவில்லை.

தேசூர், திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி வட்டத்தில் இருக்கும் பேரூர்; ஆரணிப் பட்டு நெய்யும் வட்டாரத்தைச் சேர்ந்தது. தறி வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் பாவு, ஊடை, நாடா, விழுது, தார் எல்லாம் பள்ளிக்கூடம் போகுமுன்பே தெரிந்த சொற்கள். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதிலிருந்து அட்டைகள் சரம் சரமாகத் தொங்கும். அட்டை முழுக்க ஓட்டை. அது எதற்கு என்று கேட்டால் “அப்பதான் பூ விழும்” என்பார்கள் வீட்டில். சரியான விடைதான். ஆனால் பூ எப்படி விழுகிறது?

ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும். அதோடு சேர்ந்த கொக்கி மேலே ஏறித் தன் பாவு இழைகளைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும், கொக்கி நழுவும், இழை கீழேயே கிடக்கும். தூக்கு, தூக்காதே: இந்த இரண்டே கட்டளைகள். ஒரு ஊடை போவதற்கு ஒரு அட்டை. மாங்காயும் மயிலும் அன்னமும் இந்த இரண்டு கட்டளைகளின் வரிசையிலிருந்துதான் பிறக்கின்றன. பிரான்சில் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804 வாக்கில் உருவாக்கிய ஏற்பாடு இது. 1830களில் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தான் திட்டமிட்ட கணக்கு எந்திரத்துக்கு இந்த அட்டைகளைத்தான் எடுத்துக்கொண்டார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹொலரித் என்பவர் ஓட்டை போட்ட அட்டைகளைக் கொண்டே எண்ணி முடித்தார். இன்று பல தறிகளில் அட்டையை எடுத்துவிட்டு மின்னணுப் பெட்டி பொருத்துகிறார்கள். பாட்டன் இருந்த இடத்தில் பேரன் வந்து உட்கார்ந்த கதை அது. இதைத் தறியடியிலிருந்து தொடங்கிச் சொல்லும் ஒரு தமிழ்ச் சிறுவர் நூல் இதுவரை என் கைக்குக் கிடைத்ததில்லை. கணிப்பொறி வரலாறு சொல்லும் புத்தகங்களில் ஜக்கார்டுக்கு ஒரு வரி கிடைக்கும்; அந்த வரியை மாமா சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

உண்மைச் செய்தியைக் கதையில் பொதிந்து கொடுக்கும் இந்த வழக்கம் காரணமில்லாமல் வரவில்லை. வீட்டில் முதன்முதலாகப் படிக்கும் பிள்ளைக்கு நீளமான விளக்க நடை மிரட்சி தரும். கேட்டுப் பழகிய குரலில் சொன்னால் மனம் திறக்கும். உரையாடல் என்றால் வாக்கியம் சிறியது, பத்தி சிறியது, பக்கத்தில் வெள்ளை இடம் நிறைய. கதை சொல்லும் மரபு நம்மிடம் வலுவாக இருக்கிறது. அதைப் பயன்படுத்தியதில் பிழையில்லை. ஆயிஷா இரா. நடராசனின் ‘விஞ்ஞான விக்ரமாதித்தன் கதைகள்’ 2014இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. அந்தச் சட்டகம் மாமா சட்டகத்தைவிட மேலானது என்று நினைக்கிறேன். வேதாளக் கதை நடப்பதே கேள்வியால்தான்: கேள்வி விழும்வரை கதை முடியாது, விடை சொன்னதும் வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும். விடை கிடைத்தவுடன் மறுபடி நடக்கத்தான் வேண்டும். அறிவியலின் நடையும் ஏறக்குறைய அதுதான். மாமாவின் கூடத்தில் விடை கிடைத்ததும் எல்லோரும் சாப்பிடப் போய்விடுகிறார்கள்.

மாமாவிடம் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல், அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பதே. ‘அதை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை’ என்று அவர் சொல்வதில்லை. அதைவிட, ‘இது எப்படித் தெரிந்தது’ என்பதையும் சொல்வதில்லை. நிலவு பூமியிலிருந்து ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பார். அதை யார், எதை வைத்து அளந்தார்கள் என்பது வராது. பிள்ளைக்கு ஒரு எண் கிடைக்கிறது. அளக்க முடியும் என்ற துணிவு கிடைப்பதில்லை.

விலங்குகளும் பொருட்களும் தன் வரலாறு கூறும் நூல்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ‘நான்தான் பட்டுப்புழு பேசுகிறேன்’ என்று தொடங்கும் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். புழு தன் முசுக்கொட்டை இலையைப் பற்றிப் பேசும், நான்கு முறை தோலுரித்ததைச் சொல்லும், கூடு கட்டியதைச் சொல்லும், பிறகு ‘என் நூலை மனிதர்களுக்கு மகிழ்ச்சியோடு தருகிறேன்’ என்று முடியும். இந்தக் கடைசி வரி பொய். கூட்டுக்குள் இருக்கும் கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளியே வந்தால் இழை அறுபட்டுவிடும். அதனால் அது வெளிவருமுன்பே ஆவியிலோ வெந்நீரிலோ கொல்லப்படுகிறது. வெந்நீரில் பசை இளகிய பிறகுதான் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நீளக்கூடிய அந்த ஒற்றை இழை பிரிந்து வருகிறது. நெசவூர்ப் பிள்ளைக்கு இதை மறைக்க வேண்டிய தேவை என்ன? அந்தப் பிள்ளையின் சோறே அந்த இழையில் இருக்கிறது. புழு சாகிறது, அம்மா அப்பா அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள் என்ற இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்கும் வலு பத்து வயதுக்கு உண்டு. அந்த வயதுப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளைக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்கு இது தெரியும்.

‘உலக அதிசயத் தகவல்கள்’ வகை நூல்களைப் பற்றியும் ஒரு சொல். அவற்றைக் கேவலமாகப் பேச எனக்கு மனமில்லை. நூலகத்தில் அதிகம் கிழிந்து கிடப்பவை அவைதான். ஒரு பிள்ளை ஒரு தகவலைப் படித்துவிட்டு இன்னொரு பிள்ளையிடம் சொல்ல ஓடுவது சின்ன விஷயமில்லை. ஆனால் இந்த வகைதான் சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக நகலெடுத்தது. 2003இல் விண்வெளிக்குப் போய்வந்த சீன வீரர் யாங் லிவெய், பூமியைச் சுற்றும் பாதையிலிருந்தே தனக்கு அது தெரியவில்லை என்றார். எப்படித் தெரியும் என்று கேட்கப் பழகாத வாசிப்பு இப்படித்தான் ஏமாறும்.

மாமாவும் அதிசயமும் இல்லாமலே குழந்தையைக் கட்டிப்போட்ட நூல்கள் நம்மிடம் இருந்திருக்கின்றன. சோவியத் புத்தகங்களை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் மலிவு விலையில் ஊர் ஊராகக் கொண்டுபோன காலத்தில் யாக்கோவ் பெரல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ தமிழ்ப் பிள்ளைகள் கைக்கு வந்தது. ரஷ்ய மொழியில் அது முதலில் வந்தது 1913இல். அதில் கதைப் பூச்சு இல்லை. அன்றாடத்தில் கண்ணில் பட்டும் யாரும் யோசிக்காத ஒன்றை எடுத்து, நாம் நம்பிக்கொண்டிருப்பது தவறு என்று மெல்லக் காட்டுவார். சுவை அந்தத் தடுமாற்றத்தில் இருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் 1987 முதல் நடத்திவரும் ‘துளிர்’ மாத இதழ் வேறொரு வழி கண்டது: நீயே செய்து பார் என்றது. அதில் வந்த சோதனையைச் செய்தால் சில நேரம் சரியாக வராது. ஏன் வரவில்லை என்று யோசிக்கும் பிள்ளை மாமாவைத் தாண்டிவிட்டது.

பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை 10 தொகுதிகளாக வெளியிட்ட ‘குழந்தைகள் கலைக்களஞ்சிய’த்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்திய மொழிகளில் அந்த அளவில் அப்படியொரு முயற்சி பெரிய காரியம். பிள்ளையைத் தாழ்த்திப் பேசாத நடை, படங்கள், அகர வரிசை. அகர வரிசையில் ஒரு மாயம் உண்டு: ஒன்றைத் தேடிப் போய் அதற்குப் பக்கத்தில் சம்பந்தமில்லாத இன்னொன்றில் மாட்டிக்கொள்வோம். ஆர்வமுள்ள பிள்ளைக்கு அதைவிட நல்ல விபத்து கிடையாது. குறை என்னவென்றால் அது பார்வை நூல் ஆகிவிட்டது. பல இடங்களில் கண்ணாடி அலமாரிக்குள், சாவி ஒருவர் இடுப்பில். இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் யாரும் திறந்து பார்க்கலாம் என்பது ஆறுதல். ஆனாலும் செல்பேசித் திரையில் அந்தப் பக்கத்து விபத்து நடப்பதில்லை.

நூலகத்தின் பக்கம் வந்தால், வாங்கும் முறையே நூலின் உருவத்தைத் தீர்மானித்திருக்கிறது. 16 பக்கம் கொண்ட ஒரு ஃபாரத்துக்கு இவ்வளவு என்று விலை வைப்பது நூலகத் துறையின் நெடுநாள் வழக்கமாக இருந்துவந்திருக்கிறது. கதைக்கும் கவிதைக்கும் இது ஓரளவு பொருந்தும். பட்டுப்புழுவின் வாழ்க்கையைச் சொல்ல வண்ணப் படம் வேண்டும், நல்ல தாள் வேண்டும், பொருளடைவு வேண்டும், படம் வரைந்தவருக்குக் கூலி வேண்டும். இவை எதுவும் ஃபாரக் கணக்கில் அடங்காது. விளைவு, கறுப்புவெள்ளையில் மங்கிய படத்தோடு மாமாவின் பேச்சு. ஆங்கிலத்தில் 1988 முதல் வந்த டார்லிங் கிண்டர்ஸ்லியின் ‘ஐவிட்னஸ்’ வரிசை, வெள்ளைப் பக்கத்தில் பொருளை மட்டும் பளிச்சென்று நிறுத்திச் சுற்றிலும் சிறு குறிப்புகள் வைத்தது. எங்கிருந்தும் படிக்கத் தொடங்கலாம். வசதியுள்ள பள்ளி நூலகங்களில் அது உண்டு. ஆனால் ஆங்கிலம், கனத்த விலை. கிழிந்துவிடும் என்று பயந்து அதையும் பூட்டி வைத்துவிடுகிறார்கள். பள்ளிக் கல்வித்துறை வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து மெல்லிய வண்ண நூல்களைக் கொண்டுவந்தது உண்மையிலேயே மகிழ்ச்சி தரும் மாற்றம். அங்கும் கதைக்கே பெரும் பங்கு. பால சாகித்திய புரஸ்கார் பட்டியலும் அப்படித்தான். 2021இல் அது வந்தவாசியில் வாழும் மு. முருகேஷுக்கு ஒரு கதை நூலுக்காகக் கிடைத்தபோது வட்டாரமே பெருமைப்பட்டது, பெருமைப்பட வேண்டியதுதான். அதே வட்டாரத்தைப் பற்றிய ஓர் அறிவு நூலுக்கும் ஒருநாள் அது கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அதற்கு வேண்டிய பொருள் தேசூரைச் சுற்றியே கிடக்கிறது. பக்கத்திலேயே சீயமங்கலத்துப் பல்லவர் குடைவரை. லளிதாங்குரன் என்ற பட்டப்பெயர் கொண்ட அரசன் செய்வித்தது என்று அங்குள்ள கல்வெட்டு சொல்வதால்தான் அது முதலாம் மகேந்திரவர்மனுடையது என்று நமக்குத் தெரிகிறது. பாறையை எந்த உளியால் குடைந்தார்கள், பட்டப்பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடித்தது எப்படி என்று ஒரு துப்பறியும் நூல் எழுதலாம். தறியைக் குழியில் ஏன் வைத்தார்கள், ஈரம் இழைக்கு என்ன செய்கிறது, சித்திரை வெயிலில் பட்டு ஏன் அடிக்கடி அறுகிறது என்று இன்னொன்று. இதை எழுத மாமா தேவையில்லை. தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக 1993 முதல் 10 வயதிலிருந்து 17 வயது வரையுள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊரையே ஆராய்ந்து அறிக்கை எழுதுகிறார்கள். மாவட்டம், மாநிலம் என்று போய்வந்த அந்த அறிக்கைகள் அதன்பின் பெரும்பாலும் பரணுக்குப் போகின்றன.

நூலகம் அவற்றை வாங்கிக்கொள்ளலாமே. 1948இன் பொது நூலகச் சட்டப்படி வீட்டுவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகப் போகிறது. தறி வீடும் கட்டுகிறது. ஒரு மழைக்காலத்தில் எத்தனை தறிக்குழிகளில் தண்ணீர் ஊறியது, எத்தனை நாள் வேலை நின்றது என்று ஐந்து பிள்ளைகள் வீடு வீடாகக் கேட்டு எழுதினால், அதை 16 பக்கத்தில் அச்சிட்டு, எண் போட்டு, பூட்டில்லாத அலமாரியில் வைக்கலாம். தெருவில் யாராவது அதை வாங்கிப் படிப்பார்கள். அறுபது வருடம் தார் சுற்றிய ஒரு பாட்டி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “நீங்க எழுதினது விழுது இல்ல கண்ணு, அதுக்குப் பேரு வேற” என்பாள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு அடுத்த அச்சில் திருத்திவிடலாம்.