பாலைத் தொடாத உப்பு

சென்னைத் தெருக்களில் இரவு நேரம் மணியடித்துக்கொண்டு வரும் குல்ஃபி வண்டியின் பானைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். உடைத்த ஐஸும் கல்லுப்பும் குழைந்து கிடக்க, நடுவே தகரக் குழல்கள் கழுத்தளவு புதைந்திருக்கும். சாப்பிடுபவர்கள் பாலையும் ஏலக்காயையும் புகழ்வார்கள். அந்த வழவழப்பில் பாதிப் பெருமை கல்லுப்புக்குத்தான் சேர வேண்டும்.

வெறும் ஐஸை நம்பினால் குல்ஃபி உறையாது. உருகும் ஐஸ் 0 டிகிரியிலேயே நின்றுவிடும். சர்க்கரை கரைந்த சுண்டக் காய்ச்சிய பாலோ அதற்கும் கீழே போனால்தான் இறுகத் தொடங்கும். ஐஸின் ஈரப் பரப்பிலிருந்து நீர் மூலக்கூறுகள் பிரிவதும் திரும்ப வந்து ஒட்டுவதும் ஓயாமல் நடக்கின்றன. அந்த ஈரத்தில் உப்பு கரைந்ததும் ஒட்டுவது குறைகிறது, பிரிவது மேலோங்குகிறது, ஐஸ் உருகுகிறது. ஒரு கிராம் உருக ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் வேண்டும். பானைக்குள் அடுப்பா எரிகிறது? ஐஸிடமிருந்தும் உப்புநீரிடமிருந்தும் குழலுக்குள் இருக்கும் பாலிடமிருந்தும்தான் அந்த வெப்பம் போகிறது. உருக உருகக் குளிர் ஏறும் இந்த விந்தை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. கலவையில் உப்பு 23 சதவீதம் அளவுக்கு இருந்தால் மைனஸ் 21 டிகிரி வரை இறங்கலாம். அதற்குமேல் கொட்டுவது வீண். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு என்ற கைக்கணக்கு ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கிறது.

உப்பால் குளிரவைக்க இன்னொரு வழியும் உண்டு. அக்பர் காலத்தில் வெடியுப்பு கரைத்த நீரில் குடுவையை அசைத்துக் குடிநீரைக் குளிரவைத்ததை அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில் பதிவுசெய்திருக்கிறார். அது ஐஸே வேண்டாத வித்தை. வெடியுப்பு கரையும்போதே வெப்பத்தை இழுத்துக்கொள்ளும்.

1843இல் அமெரிக்காவின் நான்சி ஜான்சன் காப்புரிமை பெற்ற ஐஸ்கிரீம் இயந்திரத்திலும் குளிரைத் தந்தது ஐஸும் உப்பும்தான். ஆனால் அங்கே கைப்பிடியைச் சுற்றச் சுற்றக் கலவை கடையப்பட்டு, காற்றும் உள்ளே சேரும். குல்ஃபியைக் கடைவதில்லை. அதனால் அது மெதுவாக உறைந்தால் பனித்துகள்கள் பெருத்து நாக்கில் நறநறக்கும். சட்டென்று உறைந்தால் பட்டுப்போல வரும். வீட்டு ஃப்ரீசரில் குழலைச் சூழ்ந்திருப்பது காற்று. அது வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். பானையிலோ உப்புநீர் இடைவெளி விடாமல் தகரத்தைத் தழுவி நிற்கிறது.

கைதேர்ந்தவர் குழலை வெளியே எடுத்ததும் மூடியைத் திறந்துவிட மாட்டார். முதலில் தண்ணீரில் அலசி, துணியால் வாயைச் சுற்றித் துடைப்பார். ஒரு துளி உப்புநீர் உள்ளே போனாலும் அத்தனை பாலும் கரித்துப்போகும்.