ஒன்பது தளக் கடையில் சிடி!

சிடி செத்துப்போய் ரொம்ப நாளாச்சு என்பவர்களைப் பிடித்து ஷிபுயாவுக்கு அனுப்ப வேண்டும். டோக்கியோவின் அந்தப் பேட்டையில் டவர் ரெக்கார்ட்ஸ் இருக்கிறதே, அதைக் கடை என்று சொல்லவே மனசு வரவில்லை. கீழ்த்தளத்தையும் சேர்த்து ஒன்பது தளம்! அமெரிக்காவில் தாய்க் கம்பெனி 2006ல் திவாலாகிக் கடைகளை இழுத்து மூடியது. ஜப்பான் கிளை 2002லேயே தனியாகப் போய்விட்டதால் தப்பித்தது. நேரம் பார்த்துப் பாகம் பிரித்துக்கொண்ட பிள்ளை!

உள்ளே என்னைக் கட்டிப்போட்டவை, கடை ஊழியர்கள் கைப்பட எழுதி அலமாரியில் செருகியிருக்கும் அட்டைகள். ஜப்பானிய மொழியில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் வரிசையாக ஆச்சரியக்குறி போட்டு, ஓரத்தில் குட்டியாக ஒரு டிரம்ஸ் வரைந்திருந்தால், எழுதியவருக்கு எவ்வளவு பித்து என்று புரியாதா என்ன? பக்கத்திலேயே ஹெட்போன். மாட்டினேன். பேரே கேள்விப்படாத ஒரு ஜாஸ் பியானோக் குழு. தொலைந்தேன்!

அப்புறம் ஓபி. ஜப்பான் சிடியின் முதுகுப்பக்கம் சுற்றியிருக்கும் காகிதப் பட்டை. நம் ஊரில் என்றால் பிரித்ததும் குப்பைக்குப் போயிருக்கும். டிஸ்க் யூனியன் மாதிரி பழைய சிடி கடைகளில் ஓபி இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை. அங்கே ஒரு பழைய சிடியை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துக் கீறல் தேடினேன். என் மூஞ்சிதான் பளிச்சென்று தெரிந்தது.

இந்தப் பித்துக்கு நியாயமும் உண்டு. 1982 அக்டோபர் 1 அன்று சோனியின் முதல் சிடி பிளேயர் ஜப்பானில்தான் கடைக்கு வந்தது. அன்றே கூட வந்த சிடிகளில் முதல் பட்டியல் எண் பெற்றது, பில்லி ஜோயலின் ‘ஃபிஃப்டி செகண்ட் ஸ்ட்ரீட்’. 12 செ.மீ. வட்டத்துக்குள் 74 நிமிஷப் பாட்டு! வினாடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து, நுண்குழிகளாக்கி, ஐந்து கிலோமீட்டருக்கும் நீளமான ஒற்றைச் சுருளில் பதித்திருக்கிறார்கள். லேசர் உள்ளிருந்து வெளியே படித்துக்கொண்டு போகிறது. சின்னக் கீறலென்றால் பிழைதிருத்தம் பார்த்துக்கொள்ளும், நம் காதுக்குத் தெரியவே தெரியாது.

 

ஷிபுயா ஸ்டேஷனிலிருந்து டவர் ரெக்கார்ட்ஸ் பொடிநடைதான். அரை நாளாவது ஒதுக்குங்கள், பெட்டியில் இடம் விட்டுக்கொண்டு போங்கள். வீட்டில் பிளேயர் இல்லையே என்ற கவலை வேண்டாம், அந்த ஊரில் அதுவும் புதுசாகக் கிடைக்கிறது.